புராஸ்டேட் புற்றுநோயும் அமெரிக்கப் படைவீரர் இழப்பீடும்: முதல் தேதியிலிருந்து கடைசிக் காகிதம் வரை

கணவரோ, மாமனாரோ, பக்கத்து வீட்டுப் பெரியவரோ அமெரிக்கப் படையில் பணியாற்றியவராக இருந்து, இப்போது புராஸ்டேட் புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இந்த வழிகாட்டி உங்களுக்கானது. எங்கள் ஊர்ப் படைவீரர் மன்றத்தில் சனிக்கிழமைகளில் காகிதங்களை அடுக்கிக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன.

பலர் உழைப்பைத் தவறான இடத்தில் கொட்டுகிறார்கள். போரில் தெளித்த நச்சுதான் இந்த நோயைத் தந்தது என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைகிறார்கள். குறிப்பிட்ட இடங்களில் பணியாற்றியவர்களுக்கு அந்தத் தொடர்பைச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. நீங்கள் காட்டவேண்டியவை மூன்று: அவர் எங்கே இருந்தார், நோய் உறுதியானதா, சிகிச்சைக்குப் பிறகு உடல் எப்படி இருக்கிறது. மூன்றாவது கேள்வியில்தான் ஆண்கள் வாய் திறப்பதில்லை. இழப்பு நேர்வதும் அங்கேதான்.

1. காகிதம் தேடுவதற்கு முன் தேதியைப் பதிவு செய்யுங்கள்

முன்னாள் படைவீரர் நலத்துறையை எல்லாரும் விஏ என்றே சொல்கிறார்கள். அங்கே இழப்பீடு பொதுவாக நோய் வந்த நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. கோரிக்கை போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு. ஆவணங்கள் எல்லாம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் போன மாதம்தான்.

எனவே முதல் வேலை, "கோரிக்கை வைக்கப்போகிறேன்" என்று முன்னறிவிப்பு தருவது. படிவம் 21-0966 இதற்கானது. 800-827-1000 என்ற எண்ணில் பேசியும் பதிவு செய்யலாம். இணையத்தில் இழப்பீட்டு விண்ணப்பத்தைத் தொடங்கிச் சேமித்தாலே முன்னறிவிப்பு பதிவாகிவிடும். அந்த நாளிலிருந்து முழு விண்ணப்பத்தை அனுப்ப ஓராண்டு அவகாசம் கிடைக்கும். ஓராண்டுக்குள் அனுப்பினால், முன்னறிவிப்பு தந்த நாளே தொடக்க நாள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஒரு முன்னறிவிப்பு ஒரே ஓர் இழப்பீட்டு விண்ணப்பத்துக்குத்தான் பயன்படும். காது கேளாமைக்காக அவசரமாக ஒரு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, புற்றுநோய்க்கு அதே முன்னறிவிப்பு இருக்கிறது என்று நம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே விண்ணப்பத்தில் எத்தனை நோய்களையும் எழுதலாம். சேர்த்து எழுதுங்கள்.

2. அங்கீகாரம் பெற்ற உதவியாளரைத் தேடுங்கள், பணம் கொடுக்காதீர்கள்

பெரும்பாலான மாவட்டங்களில் படைவீரர் சேவை அலுவலர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்கன் லீஜியன், விஎஃப்டபிள்யூ, டிஏவி போன்ற படைவீரர் அமைப்புகளிலும் விஏ அங்கீகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. படிவம் 21-22 வழியாக அவரைப் பிரதிநிதியாக நியமித்தால், கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவரே பார்க்க முடியும்.

முதல் கோரிக்கையைத் தயாரித்துக் கொடுக்கக் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. வழக்கறிஞர்கள்கூட முதல் முடிவு வந்த பிறகுதான் கட்டணம் பேச முடியும். விஏ உடல் குறையைச் சதவீதத்தில் மதிப்பிட்டு, அதற்கேற்ப மாதப் பணம் தருகிறது. "உங்களுக்கு 100 சதவீதம் வாங்கித் தருகிறோம், கூடுதலாகக் கிடைப்பதில் சில மாதப் பணத்தைத் தாருங்கள்" என்று தொலைபேசியில் வருகிற குரலுக்கு மறுப்பு சொல்லிவிடுங்கள்.

3. எந்த வாசல் உங்களுடையது என்று முடிவு செய்யுங்கள்

சட்டம் தொடர்பை ஏற்றுக்கொள்வது இடத்தையும் காலத்தையும் வைத்து. இது தெரிந்தால்தான் அடுத்த படியில் எந்த ஆவணத்தைத் தேடுவது என்று தெரியும்.

முதல் வாசல் ஏஜென்ட் ஆரஞ்சு போன்ற களைக்கொல்லிகளுக்கானது. 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரை வியட்நாம் மண்ணிலோ அதன் உள்நாட்டு ஆறுகளிலோ பணியாற்றியவர்கள் இதில் வருகிறார்கள். அதே காலத்தில் வியட்நாம் கடலில் 12 கடல் மைல் எல்லைக்குள் கப்பலில் இருந்தவர்களும் வருவார்கள். இவர்களைச் சேர்த்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கொரியாவில் ராணுவம் நீக்கப்பட்ட எல்லைப் பகுதியில் 1967 செப்டம்பர் 1 முதல் 1971 ஆகஸ்ட் 31 வரை இருந்தவர்களும் உண்டு.

2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான பேக்ட் சட்டம் இந்த வாசலை அகலமாக்கியது. தாய்லாந்தில் எந்த அமெரிக்க அல்லது தாய்லாந்து ராணுவத் தளத்திலும் 1962 ஜனவரி 9 முதல் 1976 ஜூன் 30 வரை. குவாம், அமெரிக்க சமோவா ஆகிய தீவுகளிலும் அவற்றின் கடலிலும் 1962 ஜனவரி 9 முதல் 1980 ஜூலை 31 வரை. லாவோஸில் 1965 டிசம்பர் 1 முதல் 1969 செப்டம்பர் 30 வரை. தாய்லாந்துத் தளத்தின் வேலியோரம் காவல் காத்தவர் என்று காட்ட முடியாததால் முன்பு மறுக்கப்பட்டவர்கள் பலர். இப்போது அந்த நிபந்தனை இல்லை.

இரண்டாவது வாசல் குப்பை எரிகுழிப் புகைக்கானது. 1990 ஆகஸ்ட் 2 முதல் ஈராக், குவைத், சவுதி அரேபியா முதலிய நாடுகளிலும், 2001 செப்டம்பர் 11 முதல் ஆப்கானிஸ்தான், ஜிபூட்டி, ஜோர்டான், உஸ்பெகிஸ்தான் முதலிய நாடுகளிலும் பணியாற்றியவர்களுக்கு இது பொருந்தும். இங்கே நோய்ப் பட்டியலில் "புராஸ்டேட்" என்ற சொல்லைத் தேடிக் கிடைக்காமல் திரும்பிவிடுகிறார்கள். "இனப்பெருக்க உறுப்புகளின் எவ்வகைப் புற்றுநோயும்" என்ற தலைப்புக்குள் அது அடங்கியிருக்கிறது.

வட கரோலினாவின் லெஜூன் முகாமில் மாசுபட்ட நீர் குடித்தவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதில் புராஸ்டேட் புற்றுநோய் இல்லை. அந்த முகாமை மட்டும் காட்டிக் கோருபவர்களும், மேற்சொன்ன இடங்கள் எதிலும் இல்லாதவர்களும், நோய்க்கும் பணிக்கும் தொடர்பு இருக்கப் பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு உண்டு என்று காரணத்துடன் மருத்துவர் எழுதிய கடிதம் இல்லாமல் போகவேண்டாம்.

4. பணியிடத்தைக் காட்டும் ஆவணம்

பணியிலிருந்து விடுவித்தபோது தந்த டிடி-214 சான்றிதழ் அடிப்படை. தொலைந்திருந்தால் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்திடம் கேட்டு வாங்கலாம். கேட்கும்போதே முழுப் பணியாளர் கோப்பையும் சேர்த்துக் கேளுங்கள். சான்றிதழில் பல நேரம் ஊர் இருக்காது; இடமாற்ற உத்தரவிலும், மருத்துவக் குறிப்பிலும், ஊதியப் பதிவிலும் இருக்கும்.

வியட்நாம் சேவைப் பதக்கம் இருக்கிறது, அது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பதக்கம் நாட்டுக்குள் கால்வைக்காமல் வெளியே இருந்து போருக்குத் துணை நின்றவர்களுக்கும் கொடுக்கப்பட்டது. எனவே அது மட்டும் பணியிடத்துக்குச் சான்றாகாது. கடற்படையினருக்குக் கப்பலின் அன்றாடப் பதிவேடுகள் உதவும். கப்பல் எந்த நாளில் எங்கே இருந்தது என்பதை அவற்றிலிருந்து அறியலாம். கப்பலின் பெயரையும் தோராயமான மாதங்களையும் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். "தென்கிழக்கு ஆசியக் கடல்" என்று மட்டும் எழுதினால் தேடுபவருக்குப் பிடி கிடைக்காது.

உத்தரவு கிடைக்காவிட்டால் அந்தக் காலத்துக் கடிதங்கள், தேதி எழுதிய படங்கள், உடன் இருந்தவரின் சாட்சிக் கடிதம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். சாட்சிக்கு 21-10210 என்ற படிவம் இருக்கிறது.

5. மருத்துவ ஆவணத்தில் இருக்கவேண்டியவை

இரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் புரதத்தின் அளவு கூடியிருக்கிறது என்பது ஆய்வக முடிவு மட்டுமே. அதற்கு இழப்பீடு இல்லை. புராஸ்டேட் வீக்கமும் இந்தச் சட்டப் பட்டியலில் இல்லை. பயாப்ஸியின் திசு ஆய்வறிக்கைதான் நோயை உறுதிசெய்யும் காகிதம். அதில் புற்றுநோயின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் இருக்கும். அதன் நகலை முதலில் வாங்குங்கள்.

அடுத்தது சிகிச்சைக் குறிப்பு: அறுவை சிகிச்சை நடந்த நாள், கதிர்வீச்சு தொடங்கிய நாள், முடிந்த நாள். முடிந்த நாள் ஏன் முக்கியம் என்பது எட்டாவது படியில் புரியும். ஹார்மோன் ஊசி தொடர்ந்தால், அது சிகிச்சையின் பகுதிதான் என்று மருத்துவர் குறிப்பில் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். உடனே சிகிச்சை தராமல் கண்காணிப்பில் வைத்திருந்தாலும், உடலில் புற்றுநோய் இருக்கிறது. "இன்னும் ஒன்றும் செய்யவில்லையே" என்று கோரிக்கையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தனியார் மருத்துவமனை ஆவணங்களை விஏவே வாங்கிக்கொள்ள 21-4142 என்ற ஒப்புதல் படிவம் உண்டு. ஆனாலும் நீங்களே நகல் வாங்கி இணைப்பது விரைவானது. எந்தப் பக்கம் விடுபட்டது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

6. விண்ணப்பத்தை நிரப்புதல்

படிவம் 21-526ஈஇசட். நோயின் பெயர் கேட்கும் இடத்தில் "புராஸ்டேட் புற்றுநோய்" என்று நேராக எழுதுங்கள். அருகில் காரணமாகக் களைக்கொல்லி அல்லது எரிகுழி, இடம், ஆண்டு. அதற்குக் கீழே சிகிச்சையின் பின்விளைவுகளைத் தனித்தனி வரியாக: சிறுநீர்க் கசிவு, விறைப்புக் குறைபாடு, கதிர்வீச்சால் வந்த குடல் தொல்லை, மனச்சோர்வு. "மற்றவை" என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், யாரும் அதைப் பிரித்து உங்களுக்காகத் தேடவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

தபாலில் அனுப்புபவர்கள் விஸ்கான்சின் மாநிலம் ஜேன்ஸ்வில்லில் உள்ள கோரிக்கை பெறும் மையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

7. பரிசோதனைக்கு அழைப்பு வந்தால்

விஏ தன் மருத்துவரிடமோ ஒப்பந்த மருத்துவரிடமோ அனுப்பலாம். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருவதால் எடுக்காமல் விட்டு, நாளைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. போகாவிட்டால் கையில் இருக்கும் காகிதத்தை வைத்தே முடிவு எழுதப்படும், அல்லது மறுக்கப்படும். நாள் ஒத்துவராவிட்டால் முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

இது சிகிச்சை தரும் சந்திப்பு இல்லை. மருத்துவர் ஒரு படிவத்தின் கட்டங்களை நிரப்புகிறார், அவ்வளவுதான். நீங்கள் சொல்லாததை அவர் எழுத முடியாது.

8. 100 சதவீதம் எப்படி இறங்குகிறது

முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது, மெதுவாகப் படியுங்கள்.

புற்றுநோய் உடலில் இருக்கும்வரை, சிகிச்சை நடக்கும்வரை, மதிப்பீடு 100 சதவீதம். சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து ஒரு கட்டாயப் பரிசோதனை உண்டு. நோய் திரும்பவில்லை, பரவவில்லை என்றால், அதற்குப் பிறகு புற்றுநோய்க்கு மதிப்பீடு இல்லை. அது விட்டுச்சென்ற குறைகளுக்குத்தான். சிறுநீரகக் கோளாறு, சிறுநீர் கழிப்பதில் கோளாறு ஆகிய இரண்டில் எது மேலோங்கி நிற்கிறதோ அதை வைத்து மதிப்பிடுவார்கள். புராஸ்டேட் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

கசிவுக்கான அளவுகோல் உறிஞ்சும் பேட் எத்தனை முறை மாற்றவேண்டியிருக்கிறது என்பது. நாளுக்கு 2 முறைக்குக் குறைவு என்றால் 20 சதவீதம். 2 முதல் 4 முறை என்றால் 40. 4 முறைக்கு மேல் என்றாலோ, உடலில் பொருத்தும் சாதனம் தேவைப்பட்டாலோ 60. கசிவு இல்லாமல் அடிக்கடி போகவேண்டியிருப்பவர்களுக்கு வேறு அளவு: இரவில் 2 முறை எழுந்தால் 10, 3 அல்லது 4 முறை என்றால் 20, 5 முறை அல்லது அதற்கு மேல் என்றாலோ பகலில் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போகவேண்டியிருந்தாலோ 40. கசிவும் அடிக்கடி போவதும் இருந்தால் இரண்டும் கூட்டப்படுவதில்லை, உயர்ந்தது மட்டும் எடுக்கப்படும்.

பணக் கணக்கில் இது என்ன? 2024 டிசம்பர் 1 முதல் ஓராண்டு நடைமுறையில் இருந்த அட்டவணையில், குடும்பச் சேர்க்கை இல்லாத ஒருவருக்கு 100 சதவீதத்துக்கு மாதம் 3,831.30 டாலர். 60 சதவீதத்துக்கு 1,395.93. 40க்கு 774.16. 20க்கு 346.95.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், கடற்படையில் இயந்திரப் பிரிவில் இருந்தவர். பரிசோதனை அறையில் கசிவு பற்றிக் கேட்டபோது, "இருக்கிறது, சமாளித்துக்கொள்கிறேன்" என்றார். மருத்துவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வெளியே காத்திருந்த மனைவியின் பையில் அன்றைக்கு மாற்றுவதற்கான ஐந்து பேட்கள் இருந்தன. தீர்ப்பில் 20 சதவீதம் வந்தது. 60க்கும் 20க்கும் மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் வித்தியாசம். அவர் பொய் சொல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் வலியை அப்படிச் சொல்லியே பழகியவர். அந்த ஒரு வாக்கியம் இன்றும் என் மனதை விட்டுப் போகவில்லை.

9. நாள்குறிப்பு எழுதுங்கள்

சிகிச்சை முடிந்த வாரத்திலிருந்தே தொடங்குங்கள். ஒரு சாதாரண நோட்டு போதும். எத்தனை மணிக்குப் பேட் மாற்றினார், இரவில் எத்தனை முறை எழுந்தார், வெளியூர்ப் பயணத்தை விட்டாரா. இரவில் மாற்றியவையும் கணக்கில் வரும், அதை மறந்துவிடுகிறார்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இதைவிட முக்கியம், அதே எண்ணிக்கையைச் சிறுநீரக மருத்துவரிடம் ஒவ்வொரு முறையும் சொல்லி அவர் குறிப்பில் ஏற்றுவது. அந்தக் குறிப்பில் "கசிவு இல்லை" என்று இருந்து, பரிசோதனையில் "நாளுக்கு ஐந்து" என்று சொன்னால், நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும். பேட் வாங்கிய ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். மனைவி தன் கண்ணால் கண்டதைச் சாட்சிப் படிவத்தில் எழுதலாம். துவைப்பவருக்கும் படுக்கை விரிப்பை மாற்றுபவருக்கும் இது நன்றாகத் தெரியும்; அவர் சொல்வது மதிப்புள்ள சாட்சி.

10. தனியாகக் கேட்கவேண்டியவை

விறைப்புக் குறைபாட்டுக்குப் பொதுவாக 0 சதவீதம்தான் கிடைக்கும். அதைப் பார்த்துப் பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இனப்பெருக்க உறுப்பின் பயன் இழப்புக்கு எஸ்எம்சி-கே என்ற தனித்தொகை உண்டு. மேற்சொன்ன அட்டவணையில் அது மாதம் 136.06 டாலர். சதவீதத் தொகைக்கு மேல் சேர்த்துத் தரப்படும். மருத்துவக் குறிப்பில் ஒரு வரி இருந்தால் போதும். அந்த வரி இருக்க அவர் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கவேண்டும்.

கதிர்வீச்சுக்குப் பிறகு மலக்கட்டுப்பாடு குறைந்திருந்தாலோ, இந்த நோயால் மனச்சோர்வு வந்திருந்தாலோ, அவை துணை நோய்களாகத் தனி மதிப்பீடு பெறும். சதவீதங்கள் கூட்டப்படுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்: 60உம் 20உம் சேர்ந்தால் 80 ஆகாது. மீதமுள்ள 40இல் 20 சதவீதமான 8ஐச் சேர்த்து 68, அதை முழுமையாக்கி 70.

ஒரே குறைக்கு 60 சதவீதம் கிடைத்து, அதனால் வேலை பார்க்க முடியாமல் போனால், 21-8940 படிவத்தில் முழு விகிதத்தில் இழப்பீடு கோரலாம். மொத்த மதிப்பீடு 30 அல்லது அதற்கு மேல் என்றால் மனைவி, பிள்ளைகளைச் சேர்க்க 21-686சி படிவம். இதை மறந்து ஆண்டுக்கணக்கில் விட்ட குடும்பங்கள் உண்டு.

11. குறைப்பு முன்மொழிவு வந்தால்

100ஐ இறக்குவதற்கு முன் விஏ கடிதம் அனுப்பவேண்டும். சான்று தர 60 நாள், நேரில் விசாரணை கேட்க 30 நாள். இதை இறுதி முடிவு என்று நினைத்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நாள்குறிப்பு, சிறுநீரக மருத்துவரின் புதுக் குறிப்பு, மனைவியின் சாட்சி எல்லாம் இப்போது போகவேண்டும். நோய் திரும்பியிருந்தால் அன்றைய பிஎஸ்ஏ அறிக்கையும் மருத்துவரின் கருத்தும் இதே கடிதத்துடன்.

12. மறுப்பு வந்தால்

முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டு. புதிய சான்று இருந்தால் 20-0995 என்ற துணைக் கோரிக்கை. சான்று எல்லாம் ஏற்கெனவே கோப்பில் இருந்தும் தவறாகப் படித்திருந்தால் 20-0996 என்ற மேல்நிலை மறுஆய்வு. இதில் புதுக் காகிதம் சேர்க்க முடியாது. மூன்றாவது வழி, 10182 படிவத்தில் மேல்முறையீட்டு வாரியம். கோபத்தில் நேராக வாரியத்துக்குப் போகிறார்கள். ஒரே ஒரு காகிதம் இல்லாததால் மறுக்கப்பட்டிருந்தால் துணைக் கோரிக்கையே பொருத்தமானது.

பேக்ட் சட்டத்துக்கு முன் மறுக்கப்பட்டவர்களுக்கு, அந்த ஓராண்டு கடந்திருந்தாலும், துணைக் கோரிக்கைதான் வழி. வியட்நாம் கடலில் கப்பலில் இருந்து, பல ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்டவர்கள் பழைய கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஏஜென்ட் ஆரஞ்சு தொடர்பான நேமர் வழக்கின் நீதிமன்ற உடன்பாட்டால் தொடக்க நாள் அந்தப் பழைய கோரிக்கை வரை பின்னோக்கிப் போகக்கூடும். அந்தக் கடிதத்தைச் சேவை அலுவலரிடம் காட்டுங்கள்.

13. அவர் இல்லாமல் போனால்

கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது அவர் இறந்துவிட்டால், மனைவி அவர் இடத்தில் தொடர 21பி-0847 படிவத்தை ஓராண்டுக்குள் தரவேண்டும். தனக்கான மாத உதவித்தொகைக்கு 21பி-534ஈஇசட். இதையும் ஓராண்டுக்குள் தந்தால் இறந்த மாதத்தின் முதல் நாளிலிருந்து கணக்கிடப்படும்.

இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதும் இடத்தை அன்றே படித்துப் பாருங்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவி அதனால் இறந்தவருக்கு "இதயம் நின்றது" என்று மட்டும் எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். சான்றிதழில் கையெழுத்திட்ட மருத்துவரிடம் கேட்டால், புராஸ்டேட் புற்றுநோயை அடிப்படைக் காரணமாகவோ பங்களித்த காரணமாகவோ சேர்த்துத் திருத்தித் தர முடியும். துக்க வீட்டில் இதைக் கேட்பது கடினம். அந்த வாரம் மருத்துவமனைக்குப் போகும் பொறுப்பை மகனோ மகளோ எடுத்துக்கொள்ளுங்கள்.